மூடிக் கிடந்த சேகோ மில்லுக்குள் போய்ப் படமெடுத்த கதை

சேலத்திலிருந்து ஆத்தூர் சாலையில் பஸ்ஸில் போனவர்களுக்கு அந்தப் புளித்த வாடை தெரிந்திருக்கும். குச்சிக்கிழங்கை (மரவள்ளி) அரைத்து ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்களின் கழிவுநீர் வாடை. வாழப்பாடிக்கு முன்னால் ஒரு இடத்தில் அந்த வாடை நின்று போயிருந்தது எனக்குப் போன வருடம்தான் உறைத்தது. இறங்கிப் போய்ப் பார்த்தால் கேட்டில் சங்கிலி, உள்ளே ஆளுயரத்துக்குச் சீமைக்கருவேல முள், அதற்கு மேலே புகைபோக்கி மட்டும் நிமிர்ந்து நிற்கிறது.

சுவர் ஏறிக் குதித்தால் பத்து நிமிஷத்தில் வேலை முடியும் என்றான் கூட வந்த நண்பன். எனக்கு மனம் வரவில்லை. அது ஒருவருடைய சொத்து. அதோடு, உள்ளே எந்தக் குழி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போகக் கூடாது.

பக்கத்து டீக்கடையில் விசாரித்துப் புல எண்ணை வாங்கி, இணையத்தில் பட்டா பார்த்தேன். மூன்று பேர் பெயரில் கூட்டுப் பட்டா. அண்ணன் தம்பிகள், இன்னும் பாகம் பிரிக்கவில்லை. மூத்தவர் போனில் கேட்ட முதல் கேள்வி, "இடம் வாங்கிக் கொடுக்கிற ஆளா நீங்க?" இல்லை என்று சொல்லிப் புரியவைக்கவே இரண்டு மாதம் போனது. கடைசியில் நேரில் போய், ஏற்காடு சாலையில் நான் எடுத்த மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவின் படத்தைக் காட்டினேன். 1935-இல் தொடங்கிய அத்தனை பெரிய சினிமா ஸ்டுடியோவில் இன்று கண்ணுக்குத் தெரிவது அந்த வளைவுதானே ஐயா, உங்கள் மில்லும் இடிபடுவதற்குள் எடுத்து வைத்துவிடுகிறேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி, எங்க அப்பா கட்டினது, எடுங்க என்றார். மில் பெயர் வெளியே வரக் கூடாது, பழைய வேலையாள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனை. தேதி, நேரம், அடிபட்டால் என் பொறுப்பு என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி மூவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். வாய்ப்பேச்சோடு விட்டிருந்தால் இளையவர் அன்று காலை கேட்டில் வந்து தடுத்து நின்றபோது திரும்பி வந்திருப்பேன்.

கூட வந்தது அங்கே இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த ஒரு பெரியம்மா. ஓட்டை விழுந்த கூரையையும் அதில் இறங்குகிற வெயிலையும்தான் எடுக்க நினைத்துப் போயிருந்தேன். அவரோ, "மொதல்ல லாரி வர்ற எடத்துல இருந்து வா தம்பி" என்று கிழங்கு போன வழியிலேயே என்னை நடத்திக் கூட்டிப்போனார். கிழங்கைக் கொட்டுகிற களம், தோல் உரித்துக் கழுவுகிற தொட்டி, அரைவை மேடை, கிழங்குப் பாலை வடிகட்டித் திப்பியைத் தனியாக ஒதுக்கிய மூலை (திப்பி என்பது சக்கை, மாட்டுத் தீவனத்துக்குப் போகும்), பால் மணிக்கணக்கில் தெளிந்து மாவு அடியில் படிகிற நீளத் தொட்டிகள், ஈர மாவைக் குலுக்கி மணியாக உருட்டிய இடம், வறுக்கிற சட்டிகள், கடைசியில் வெயில் காய்கிற பெரிய சிமெண்டுக் களம். அந்த வரிசையிலேயே எடுத்தேன். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுச் சரக்கு வருவது நின்று, 1940-களில் இங்கே வேரூன்றிய தொழில் இது. எப்படி நடந்தது என்று படத்தைப் பார்க்கிறவருக்குத் தெரியாவிட்டால் நான் எடுத்தது வெறும் உடைந்த சுவர்தான்.

உள்ளே நல்ல இருட்டு, ஆனால் கூரைப் பொத்தல்களில் கண் கூசும் வெளிச்சம். முக்காலி இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, லென்ஸ் துளை எஃப்/8 வைத்து, ஒரே காட்சியை இரண்டிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) வித்தியாசத்தில் மூன்று தடவை எடுத்துப் பிறகு சேர்த்தேன். இருட்டான பகுதிகள் தெரிவதற்காக எடுத்த படத்துக்குப் பதினைந்து விநாடிவரை போனது. காலை எட்டு மணிக்குள் வெயில் சாய்வாக இறங்கும்போது தொட்டிச் சுவரில் பழைய மாவுக் கோடுகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன, பத்து மணிக்கெல்லாம் அவை மறைந்துவிட்டன.

போகிறவர்களுக்கு ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மூடிய தொட்டி, கழிவுக் குழி எதிலும் படத்துக்காக இறங்காதீர்கள், அடியில் விஷவாயு தேங்கியிருக்கும், உள்ளே இறங்கினவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து செத்திருக்கிறார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் கால் வைக்காதீர்கள். தடித்த அடியுள்ள ஷூ, முகக்கவசம், முன்கூட்டியே டி.டி. ஊசி, இது மூன்றும் இல்லாமல் நான் போவதில்லை. புதரில் கால் வைக்கும் முன்பு பெரியம்மா கம்பால் தட்டிக்கொண்டே வந்தார், பாம்புக்காக.

மூன்று வாரம் கழித்து மறுபடி போனபோது வறுக்கிற சட்டிகள் இல்லை. பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம். முதல் நாள் வெளிச்சம் போதவில்லை, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று நான் விட்டது அந்த ஒரு மூலையைத்தான்.

பிரிண்ட் போட்டு மூத்தவருக்கு ஒரு கட்டும் பெரியம்மாவுக்கு ஒரு கட்டும் கொடுத்தேன். தொட்டிப் படத்தை எடுத்துவைத்துக்கொண்டு, அதில் மூன்றாவது கோட்டின் மேல் விரல் வைத்து, "இது வரைக்கும் மாவு நின்னா அன்னிக்கு நல்ல கெழங்குனு அர்த்தம்" என்றார் பெரியம்மா. அதைப் படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.