முப்பது நாள் கெடு

செப்டம்பர் 14, ஞாயிறு
நேற்று யூத ஜெப ஆலயத்தில் தோராச் சுருள் (மோசேயின் ஐந்து நூல்கள், கையால் எழுதியது) வாசிப்பு. உபாகமம் 28, சாபங்களைத் தாழ்ந்த குரலில் விரைந்து வாசிக்கும் இடம். ஒரு எழுத்தின் மை உதிர்ந்திருந்தது. வாசிப்பு நின்று வேறு சுருள் வந்தது. பழுது என்று தெரிய இதற்கு உறையின் மேல் கச்சை. பழுதுள்ள சுருளைத் திருத்தாமல் 30 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. திருத்தி எழுதுவது என் வேலை, அக்டோபர் 13 வரை கெடு. மறுநாள் தோரா மகிழ்ச்சித் திருநாள்.

செப்டம்பர் 15
மையின் சரக்கு: மாசிக்காய், அன்னபேதி, வேலம்பிசின். பிசின் கூடிய மை பளபளக்கும். சுருட்டச் சுருட்ட வெடித்துச் செதிலாக உதிரும். இது அந்த ரகம். அன்னபேதி கூடியிருந்தால் செம்பழுப்பாகியிருக்கும். உதிர்ந்த எழுத்தின் மேலேயே எழுதிவிடலாம். தோராவில் எழுத்துகளை வரிசையாக எழுதுவது கட்டாயமில்லை. தெபிலின் (ஜெபத்தில் கட்டும் சிறு பெட்டிக்குள் வைக்கும் சுருள்) என்றால் அதற்குப் பின் எழுதியதெல்லாம் வீண்.

செப்டம்பர் 16
ஒரு 'ஹே' எழுத்தின் இடக்கால் கூரையைத் தொடுகிறது. வேறு எழுத்தான 'கேத்' ஆகிவிட்டது. தொடும் இடத்தை மட்டும் சுரண்டினால் செல்லாது. எழுத்து எழுதப்பட வேண்டும், செதுக்கப்படக் கூடாது. அந்த இடக்கால் முழுவதையும் சுரண்டி மறுபடி எழுது. உருவத்தில் சந்தேகம் என்றால் சூட்டிகையும் மந்தமும் இல்லாத பிள்ளையிடம் காட்டலாம். இதில் பிள்ளைக்கு வேலையில்லை, ஒட்டியது ஒட்டியதுதான்.

செப்டம்பர் 17
27 நாள்.

செப்டம்பர் 18
கணினி சுருளின் 3,04,805 எழுத்தையும் ஒப்பிட்டது. எண்ணாகமம் 25:12-இல் ஒரு 'வாவ்' எழுத்து உடைந்திருக்கிறது என்கிறது. அது மரபுப்படி உடைந்தே இருக்க வேண்டியது. புதுக்கைகள் அதை ஒட்டவைத்துக் கெடுக்கும்.

அடுத்த வரி வயிற்றைக் கலக்கியது. உபாகமத்தில் ஒரு முறை வர வேண்டிய இடத்தில் நாமம், கடவுளின் பெயர், இரண்டு முறை. மனிதக் கண் இத்தனை வருடம் தாண்டிப்போன இடம். நாமத்தை அழிக்க முடியாது. அது உள்ள தோல் முழுதும் மண்ணில் அடக்கத்துக்கு, நான்கு பத்தியும் (நெடுக்கு வரிசையும்).

செப்டம்பர் 21
புதுத்தோல், கோடு கீறியாயிற்று. பழைய தோல் தொடங்கிய சொல்லில் தொடங்கி முடிந்த சொல்லில் முடிய வேண்டும். நாளுக்கு ஒரு பத்தி என்றால் நல்ல வேகம். நாளை மாலை யூதப் புத்தாண்டு. 23, 24 வேலை கிடையாது.

செப்டம்பர் 25
நாமத்துக்கு முந்தின எழுத்திலேயே இறகைத் தோய்க்க வேண்டும். தோய்த்த கையோடு நாமத்தைத் தொட்டால் மை சொட்டும். எழுதும் முன், நாமத்தின் புனிதத்துக்காக எழுதுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நடுவில் அரசனே வணங்கினாலும் பதில் இல்லை.

காற்றில் ஈரம். பிசினைக் குறைத்தால் மை பரவுகிறது.

அக்டோபர் 5
நான்காவது பத்தி காய்கிறது. தைப்பது நரம்பால்தான், மேலும் கீழும் கொஞ்சம் தைக்காமல் விட்டு. இழுத்துச் சுருட்டும்போது தோல் கிழியாது. நாளை மாலை கூடாரப் பண்டிகை, அதற்குள் ஊசி ஓட வேண்டும்.

மூன்றாவது பத்தியில் ஒரு 'ஹே'. விளக்கைத் திருப்பிப் பார்த்தால் இடைவெளி தெரிகிறது, நேரே பார்த்தால்