ஐ5-1135ஜி7, ரைசன் 5 5500யூ: மலையில் பழைய லேப்டாப் வாங்குகிறவர்களுக்கு

தனி கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பணம் ஒதுக்க முடியாமல் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் தேடுகிறவர்கள், கடைசியில் பெரும்பாலும் இந்த இரண்டு பிராசஸர்களுக்கு நடுவில்தான் வந்து நிற்கிறார்கள். ஒன்று இன்டெல் கோர் ஐ5-1135ஜி7, 2020 செப்டம்பரில் வந்தது. இன்னொன்று ஏஎம்டி ரைசன் 5 5500யூ, 2021 ஜனவரியில் வந்தது. இரண்டுமே விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இருக்கின்றன. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால் இதையே முதல் சல்லடையாக வையுங்கள். சில ஆயிரம் மிச்சமாகிறதே என்று ரைசன் 5 2500யூ பக்கம் போக வேண்டாம். அதன் வேகா 8 கிராஃபிக்ஸ் நல்லதுதான், ஆனால் பிராசஸர் அந்தப் பட்டியலில் இல்லை.

பெயரில் இருக்கும் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். 5500யூ என்பதைப் பார்த்து ஜென் 3 (ஏஎம்டியின் அடுத்த தலைமுறைக் கோர் வடிவமைப்பு) என்று நினைக்கிறார்கள். அது ஜென் 2 தான். ஜென் 3 வேண்டுமென்றால் 5600யூ. இன்டெல் பக்கம் எண்ணின் கடைசிப் பகுதியைப் (ஜி4, ஜி7) பாருங்கள். அதே தலைமுறையின் ஐ3-1115ஜி4-இல் 48 கிராஃபிக்ஸ் யூனிட்தான். ஐ5-1135ஜி7-இல் 80, ஐ7-1165ஜி7-இல் 96. ‘பதினோராவது ஜெனரேஷன்’ என்று மட்டும் கடைக்காரர் சொன்னால் போதாது. முழு எண்ணையும் கேளுங்கள்.

1135ஜி7-க்கு 4 கோர் (கணக்குப் போடும் மூளைகள்), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்), உச்ச வேகம் 4.2 கிகாஹெர்ட்ஸ். 5500யூ-வுக்கு 6 கோர், 12 த்ரெட், 4.0 கிகாஹெர்ட்ஸ். ஒரே கோரை நம்பி நடக்கும் வேலையில் இன்டெல் முந்தும். எல்லாக் கோரும் சேர்ந்து இழுக்கும் வேலையில் ரைசன் தெளிவாகவே முந்தும். கல்யாண ஆல்பத்துக்கு 800 ரா ஃபைல்களை ஒரே மூச்சில் ஜேபெக்காக மாற்றும்போது அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

கிராஃபிக்ஸில் காகிதக் கணக்கு ஏறக்குறைய சமம். 1135ஜி7-இன் கிராஃபிக்ஸான ஐரிஸ் எக்ஸ்இ-யின் 80 யூனிட்டிலும் தலா 8 கணிப்பான்கள், மொத்தம் 640, வேகம் 1.3 கிகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு கணிப்பானும் ஒரு துடிப்புக்கு இரண்டு கணக்குப் போடும் என்று வைத்துப் பெருக்கினால் சுமார் 1.66 டெராஃப்ளாப்ஸ், அதாவது நொடிக்கு 1.66 லட்சம் கோடி கணக்கு. 5500யூ-வின் வேகா 7-இல் 448 கணிப்பான்கள், 1.8 கிகாஹெர்ட்ஸ், சுமார் 1.61. இந்த அளவு நெருக்கத்தை வைத்து எது உசத்தி என்று சண்டை போடுவது வீண். ஒரே பிராசஸர் உள்ள இரண்டு லேப்டாப்புகளுக்கு இடையிலேயே இதைவிடப் பெரிய இடைவெளி வரும். அதற்குக் காரணம் ரேம்.

இந்தக் கிராஃபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. லேப்டாப்பின் ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. டிடிஆர்4-3200 ரேம் ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி போகும். இரண்டு சேனலிலும் (ரேமுக்குப் போகும் தனித்தனிப் பாதைகள்) ரேம் இருந்தால் 51.2. ஜிடிஎக்ஸ் 1650 என்ற தனி கார்டின் முதல் வடிவத்துக்கு அது மட்டுமே பயன்படுத்த நொடிக்கு 128 ஜிபி இருக்கிறது. இங்கே கிடைப்பது அதில் பாதிகூட இல்லை, அதையும் பிராசஸரோடு பகிர வேண்டும். அப்படியிருக்க, ஒற்றை ரேம் போட்டு விற்பது அரை அங்குலக் குழாயில் வீடு முழுக்கத் தண்ணீர் விடுவது போலத்தான். தொட்டி எவ்வளவு பெரியதாக இருந்தும் பயனில்லை. 16 ஜிபி ஒற்றை ரேமைவிட 8+8 மேல்.

இன்டெல்லில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ரேம் ஒரே சேனலில் இருந்தால், ஐரிஸ் எக்ஸ்இ என்ற பெயரே வராது. டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர் என்ற இடத்தில் ‘இன்டெல் யூஎச்டி கிராஃபிக்ஸ்’ என்று காட்டும். ‘ஐரிஸ் என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள்’ என்று பதற வேண்டாம், இரண்டாவது ரேமைப் போட்டால் பெயரும் வேகமும் வந்துவிடும். ரைசனில் பெயர் மாறாது, ஆகவே சிபியு-இசட் மென்பொருளில் மெமரி பக்கத்தைத் திறந்து ‘டூயல்’ என்றோ ‘2 x 64-bit’ என்றோ இருக்கிறதா பாருங்கள்.

ரைசனில் இன்னொரு சந்தேகமும் வரும். 8 ஜிபி ரேமில் 5.9 ஜிபி மட்டுமே பயன்படுத்தலாம் என்று விண்டோஸ் காட்டும். ரேம் கெட்டுப்போகவில்லை. கிராஃபிக்ஸுக்கு 2 ஜிபி முன்கூட்டியே ஒதுக்கியிருக்கிறார்கள். பயாஸில் (லேப்டாப் ஆன் ஆகும்போது திறக்கும் அமைப்புத் திரை) ‘யூஎம்ஏ ஃபிரேம் பஃபர்’ என்ற அமைப்பு திறந்திருந்தால் அதை 512 எம்பி ஆக்குங்கள். தேவைப்படும்போது கிராஃபிக்ஸ் மீதியைத் தானே எடுத்துக்கொள்ளும்.

வாங்க வேண்டிய ரேம்: டிடிஆர்4, லேப்டாப் வகை, 260 பின், 1.2 வோல்ட், 3200. ஒன்று 2666 ஆக இருந்தால் இரண்டும் அந்த வேகத்துக்கே இறங்கும். மாட்டுவதற்கு முன் ஷட் டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 15 நொடி அழுத்திப் பிடியுங்கள். கீழ் மூடியின் திருகுகளில் சில ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். நீளமும் ஒன்றுபோல் இருக்காது, கழற்றிய வரிசையிலேயே ஒரு காகிதத்தில் குத்தி வையுங்கள். மூடி திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரை எடுப்பது. ரேமைச் சுமார் 30 டிகிரி சாய்வில், தங்கப் பற்கள் மறையும் அளவுக்கு உள்ளே தள்ளிவிட்டுக் கீழே அழுத்தினால் இரண்டு பக்கக் கொக்கியும் ‘டிக்’ என்று பிடிக்கும். முதல் முறை ஆன் செய்யும்போது திரை ஒரு நிமிடத்துக்கு மேலும் கறுப்பாகவே இருக்கலாம். புது ரேமை லேப்டாப் பழகிக்கொள்கிறது, பயந்து அணைத்துவிடாதீர்கள். அதற்குப் பிறகும் வராவிட்டால் ரேம் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். எடுத்து, பற்களை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் துடைத்து, மறுபடி மாட்டுங்கள். மலைக்காரர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் வார்த்தை: ஜனவரியின் காய்ந்த குளிரில் கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இந்த வேலையைச் செய்யாதீர்கள். கம்பளியில் சேரும் நிலைமின்சாரம் ரேமைக் கொல்லும். ஸ்வெட்டரைக் கழற்றி வைத்து, எர்த் உள்ள ஓர் உலோகத்தைத் தொட்டுவிட்டு உட்காருங்கள்.

வீடியோவில் இன்டெல்லின் கை ஓங்குகிறது. ஏவி1 என்ற புதிய சுருக்க முறையில் வரும் வீடியோவை 1135ஜி7 வன்பொருளிலேயே பிரிக்கும். 5500யூ-வில் அந்த வசதி இல்லை. அதற்கு முந்தைய விபி9 வரைக்கும்தான். எஸ்டேட் பக்கம் டவர் சரியாக எட்டாத வீடுகளில் இது சின்ன விஷயம் இல்லை, ஏனென்றால் அதே தரத்துக்கு ஏவி1 குறைந்த டேட்டாவில் முடித்துவிடும். புதிய கேமராக்கள் எடுக்கும் நிற விவரம் அதிகமான 10 பிட் 4:2:2 எச்.265 கோப்புகளையும் இன்டெல்லின் குயிக் சிங்க் என்ற வீடியோ வன்பொருள் கையாளும். வேகா தடுமாறி, வேலையைக் கோர்களின் தலையில் போடும். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர் யோசிக்காமல் இன்டெல்லை எடுக்கலாம். போட்டோ, கோடிங், ஒரே நேரத்தில் முப்பது டேப் என்றால் என் ஓட்டு ரைசனுக்கு.

விளையாட்டு என்று பார்த்தால் வேலோரன்ட், ஜிடிஏ 5 போன்றவை குறைந்த செட்டிங்கில் இரண்டிலும் ஓடும். ரே டிரேசிங் (ஒளியை நிஜம்போல் காட்டும் வசதி) இரண்டிலும் இல்லை. டிரைவர் விஷயத்திலும் இரண்டும் ஓய்வு பெற்ற நிலைதான். வேகாவை ஏஎம்டி 2023 நவம்பரிலும், பதினோராம் தலைமுறை கிராஃபிக்ஸை இன்டெல் 2025 செப்டம்பரிலும் தனிக் கிளைக்குத் தள்ளிவிட்டன. பாதுகாப்புத் திருத்தம் வரும், புது கேமுக்கான மெருகு வராது.

இனி சூடு. இதில்தான் மலையில் வாங்குகிறவர் ஏமாறுகிறார். 1135ஜி7-ஐ 12 முதல் 28 வாட் வரையும், 5500யூ-வை 10 முதல் 25 வாட் வரையும் ஓட்ட லேப்டாப் தயாரிப்பாளருக்கு அனுமதி உண்டு. மெல்லிய லேப்டாப்பில் இருப்பதும் தடித்த லேப்டாப்பில் இருப்பதும் ஒரே பெயர், வேறு வேகம். எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து வைத்து, பிராசஸரை முழுதாக வேலை வாங்கும் சினிபெஞ்ச்சை 10 நிமிடம் ஓட்டி, ‘சிபியு பேக்கேஜ் பவர்’ கடைசியில் எத்தனை வாட்டில் நிற்கிறது என்று குறியுங்கள். வெப்பநிலையையும் குறியுங்கள்.

அந்த வெப்பநிலையை அப்படியே நம்பக் கூடாது. ஊட்டியில் டிசம்பர் காலையில் அறை 12 டிகிரி. பிராசஸரின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் பேஸ்ட் காய்ந்துபோன லேப்டாப்கூட 80 காட்டிவிட்டு நல்ல பிள்ளையாக நிற்கும். அதாவது அறையைவிட 68 டிகிரி ஏற்றம். அதே லேப்டாப்பைக் கோவை ஹாஸ்டலில் 33 டிகிரி அறைக்குக் கொண்டுபோனால் கணக்குப்படி 101. இன்டெல்லின் எல்லை 100, ரைசனின் எல்லை 105. இன்டெல் உடனே வேகத்தைக் குறைக்கும், ரைசன் எல்லைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். ஆகவே பிராசஸர் வெப்பத்திலிருந்து அறை வெப்பத்தைக் கழித்து, மிச்சத்தைப் பாருங்கள். 15 வாட்டில் அது 55-ஐத் தாண்டினால் ஃபேனையும் பேஸ்ட்டையும் பார்க்க வேண்டிய நேரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உயரமும் கொஞ்சம் விளையாடும். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 80 சதவீதம். ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் தள்ளும் காற்றின் எடை குறைவு, எடுத்துப்போகும் சூடும் குறைவு. குளிர் இந்த நஷ்டத்தை ஈடுகட்டிவிடுவதால் யாரும் கவனிப்பதில்லை. மடியில் கம்பளி போட்டு அதன்மேல் லேப்டாப்பை வைத்தாலோ, ரூம் ஹீட்டர் பக்கத்தில் வைத்தாலோ அந்தச் சலுகையும் போய்விடும்.

ஐந்து வயதான லேப்டாப்பில் ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளித் துண்டு போல் படிந்திருக்கும். மூடுபனியின் ஈரம் சேர்ந்தால் அது வெறும் காற்றுக்கு அசையாது. ஃபேனைக் கழற்றி, பிரஷ்ஷால் உரித்தே எடுக்க வேண்டும். பேஸ்ட் மாற்றும்போது இரண்டு பிராசஸர்களிலும் சிலிக்கான் உலோக மூடி இல்லாமல் வெறுமையாக இருப்பதை மறக்காதீர்கள். மேசைக் கணினி போல நடுவில் ஒரு பொட்டு வைத்தால் ஓரம் காய்ந்து நிற்கும். மெல்லியதாக முழுப் பரப்பிலும் தடவி, ஹீட்சிங்க்கில் அச்சிட்ட எண் வரிசையில் திருகுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

இரவெல்லாம் காரில் கிடந்த லேப்டாப்பை, வெந்நீர் கொதிக்கிற சூடான வீட்டுக்குள் கொண்டுவந்ததும் ஆன் செய்யாதீர்கள். கண்ணாடியில் படிவதுபோல உள்ளேயும் ஈரம் படியும். பையை மூடியபடியே ஒரு மணி நேரம் விட்டு, பிறகு எடுங்கள். உறைபனிக் காலையில் சார்ஜ் ஏறாமல் நின்றாலும் அடாப்டர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். லித்தியம் பேட்டரி மிகவும் குளிர்ந்திருக்கும்போது லேப்டாப்பே சார்ஜை நிறுத்தி வைக்கும். அறைச் சூட்டுக்கு வந்ததும் ஏற ஆரம்பிக்கும்.