வைட்டமின் மாத்திரையும் விறைத்த தமனியும்

தமனிகள் எவ்வளவு விறைத்திருக்கின்றன என்று அளப்பது என் வேலை. பேனா போன்ற ஓர் உணரியைக் கழுத்திலும் தொடை இடுக்கிலும் வைத்து, நாடித்துடிப்பு அங்கிருந்து இங்கே வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்போம். அரை மீட்டரை 0.05 விநாடியில் கடந்தால் வேகம் விநாடிக்கு 10 மீட்டர். அதைத் தாண்டினால் பெருந்தமனி விறைத்துவிட்டது என்று கணக்கு. ஆரோக்கியமான இளைஞருக்கு 5, 6 என்று வரும். சுவர் விறைக்க விறைக்கத் துடிப்பு வேகமெடுக்கும்.

எண்ணைச் சொன்னதும் பலர் கேட்பது ஒரே கேள்விதான்: "ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்தான் காரணம் என்கிறார்களே, அப்படியானால் வைட்டமின் ஈ, சி போட்டுக்கொண்டால் சரியாகிவிடுமா?" நல்ல கேள்வி. முதல் பாதி உண்மையும்கூட. ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் தீவிர மூலக்கூறுகள் உடல் சமாளிக்க முடியாத அளவுக்குப் பெருகிச் செல்களைக் கெடுப்பதைத்தான் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்கிறார்கள். நாற்காலியில் இரண்டு நிமிடம் உட்கார வைத்துச் சொல்லி முடிக்க முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

தமனியின் உட்சுவரில் ஒற்றை அடுக்காக எண்டோதீலியம் என்ற செல்கள் இருக்கின்றன. இவை நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து, சுவரில் உள்ள தசையைத் தளர்த்திக்கொண்டே இருக்கும். இதைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வாயுவின் எதிரி சூப்பர் ஆக்சைடு. ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாகப் பெற்ற ஆக்சிஜன் அது. இரண்டும் சந்தித்தால் அந்த நொடியிலேயே வினைபுரிந்து பெராக்சிநைட்ரைட் ஆகிவிடும். தசையைத் தளர்த்த வேண்டிய வாயு போயிற்று. போதாததற்கு, பக்கத்தில் இருப்பதைச் சிதைக்கும் ஒரு பொருளும் பிறந்துவிட்டது.

இதற்கு அடுத்து நடப்பதுதான் எனக்கு மனசு கேட்காத இடம். நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் நொதிக்கு டெட்ராஹைட்ரோபயோப்டெரின் என்ற துணைப்பொருள் வேண்டும். பெராக்சிநைட்ரைட் அதையும் கெடுத்துவிடுகிறது. துணை இல்லாத அந்த நொதி சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. அது சூப்பர் ஆக்சைடைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறது. வேலியே பயிரை மேய்வது என்றால் இதுதான்.

இந்தக் கட்டம் வரை வரும் விறைப்பில் பெரும்பகுதி தசையின் இறுக்கம். அதை மீட்க வழி உண்டு. ஆண்டுக்கணக்கில் இப்படியே போனால் சுவரின் கட்டுமானமே மாறத் தொடங்குகிறது. புரதங்களை வெட்டும் சில நொதிகளை ஆக்சிஜனேற்றம் தூண்டிவிடுகிறது. அவை எலாஸ்டின் இழைகளை நறுக்குகின்றன. எலாஸ்டின்தான் பெருந்தமனிக்கு விரிந்து சுருங்கும் குணத்தைக் கொடுப்பது. அதில் பெரும்பகுதி நாம் பிறப்பதற்கு முன்பும் குழந்தைப் பருவத்திலும் உருவானது. நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் துடிப்புகளை வாழ்நாள் முழுக்கத் தாங்குவதும் அதேதான். அறுந்தால் அதே தரத்தில் மறுபடி பின்னப்படுவதில்லை. அந்த இடத்தில் கொலாஜன் என்ற விறைப்பான புரத இழை சேர்கிறது. சர்க்கரை அதிகம் உள்ளவர்களுக்குக் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிணைந்தும் போகின்றன. சிலருக்குத் தசைச்செல்களே எலும்புச்செல்கள்போல நடந்துகொண்டு சுண்ணாம்பைப் படிய வைக்கின்றன.

இதன் விளைவை பிரஷர் பார்க்கும்போதே ஊகிக்கலாம். 160/70 என்று வந்தால் எல்லோரும் 160ஐப் பார்த்துப் பதறுகிறார்கள். நான் இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை, அந்த 90ஐப் பார்ப்பேன். விறைத்த தமனி துடிப்பை வாங்கி அடக்கிக்கொள்ளாமல் அப்படியே முன்னே தள்ளிவிடுகிறது. அந்த அடி போய் விழுவது மூளையிலும் சிறுநீரகத்திலும் உள்ள நுண்ணிய நாளங்களில்.

சரி, வைட்டமின்கள்? சோதனைக் குழாயில் அவை ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கத்தான் செய்கின்றன. உடலுக்குள் இருப்பதோ ஒரு போட்டி. சூப்பர் ஆக்சைடு வைட்டமின் சியோடு வினைபுரிவதைவிடப் பல்லாயிரம் மடங்கு வேகமாக நைட்ரிக் ஆக்சைடோடு வினைபுரியும். மாத்திரை எட்டிப் பிடிப்பதற்குள் காரியம் முடிந்துவிடும்.

பெரிய ஆய்வுகளும் இதையே காட்டின. 2000இல் வெளியான ஹோப் ஆய்வில், இதயநோய் ஆபத்து அதிகம் உள்ள 9,500க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பாதியினருக்கு வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்தார்கள்; பயனில்லை. 2002இல் வெளியான ஹார்ட் புரொடெக்‌ஷன் ஆய்வில் 20,536 பேர். ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தும் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. ஆனால் முதல் ஆய்வில் ராமிப்ரில் என்ற ரத்த அழுத்த மருந்தும், இரண்டாவதில் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்தான சிம்வாஸ்டாட்டினும் தனியாகச் சோதிக்கப்பட்டன. அந்த இரண்டும் நன்றாகவே பலன் கொடுத்தன. ராமிப்ரில், ரத்த நாளங்களைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் 2 என்ற ஹார்மோன் உருவாவதைக் குறைக்கிறது. தமனிச் சுவரில் சூப்பர் ஆக்சைடைச் சுரக்கும் நாக்ஸ் நொதிகளை முடுக்கிவிடுவது அந்த ஆஞ்சியோடென்சின்தான். ஸ்டாட்டின்களும் வேறொரு வழியில் அதே நொதிகளை அடக்குகின்றன. அந்த மருந்துகள் செய்யும் வேலை இது மட்டுமே அல்ல. ஆனாலும் உருவான பிறகு துரத்துவதைவிட உருவாகும் இடத்தில் தடுப்பதில்தான் எனக்கு நம்பிக்கை.

அதனால்தான் கேட்பவர்களிடம் சிகரெட்டைப் பற்றி முதலில் பேசுகிறேன். ஒவ்வொரு இழுப்பும் இந்தத் தீவிர மூலக்கூறுகளை நேராக உள்ளே அனுப்புகிறது. அப்புறம் உப்பு, சர்க்கரைக் கட்டுப்பாடு, நடை. வேகமாக நடக்கும்போது ரத்தம் சுவரை உரசி ஓடுவதே எண்டோதீலியத்தை நைட்ரிக் ஆக்சைடு சுரக்க வைக்கும்; தொடர்ந்து நடந்தால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் உடலின் சொந்த நொதிகளும் கூடும். நாற்பதுகளில் இருப்பவர்கள் சில மாதம் விடாமல் நடந்துவிட்டு மறுபடி வரும்போது எண் இறங்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். எழுபதைத் தாண்டியவர்களுக்கு அவ்வளவு இறங்குவதில்லை. எலாஸ்டின் ஏற்கெனவே சிதைந்துவிட்டது. அவர்களுக்கு பிரஷரைக் கட்டுக்குள் வைப்பதே பெரிய காப்பு.

ஏற்கெனவே வைட்டமின் ஈ வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பவர்கள், குறிப்பாக ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவர்கள், தயவுசெய்து அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அதிக அளவு வைட்டமின் ஈ அந்த மருந்தோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். சீட்டில் எழுதாத மாத்திரை என்பதால் பலர் சொல்வதே இல்லை.