பத்தாம் நாள் சுரண்டி எடுத்த அடிவண்ணம்

பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் ‘பால் ஊற்றும் பெண்’ ஓவியத்தைப் பார்த்து வரைந்துதான் ஆயில் பெயிண்டிங் பழகினேன். மூலமே 45.5 செ.மீ. உயரம், 41 செ.மீ. அகலம்தான் என்பதால் அதே அளவில் வரையலாம். ஒரே ஆள், ஒரே ஜன்னல் வெளிச்சம். பழகுபவர்களுக்கு இதைவிட நல்ல படம் கிடைப்பது கஷ்டம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

முதல் அடி பிரிண்டில் விழுந்தது. அச்சிட்டுத் தந்த கடையில் தாளுக்குப் பொருந்தட்டும் என்று ஓரங்களை வெட்டியிருக்கிறார்கள். கவனிக்காமல் அதன்மேலேயே கட்டம் போட்டு முழுக் கோட்டுருவத்தையும் கேன்வாஸுக்கு மாற்றிவிட்டேன். எல்லாம் முடிந்த பிறகுதான் ஜன்னல் பாதி காணோம் என்று உறைத்தது. ஒரு வார வேலை வீண். கட்டம் போடும் முன் நீள அகலத்தை ஒருமுறை அளந்துவிடுங்கள். நிறத்துக்கும் பிரிண்டை நம்ப வேண்டாம். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியமே இந்தப் படத்தை மிகத் தெளிவான கோப்பாக இலவசமாகத் தருகிறது. அதைத் திரையில் வைத்துத்தான் நிறம் கலந்தேன்.

இரண்டாவது அடிதான் இன்னும் வலிக்கிறது. அடிவண்ணத்தை, அதாவது மற்ற நிறங்களுக்கு அடியில் வரும் முதல் பூச்சை, சாம்பல் நிறத்தில் போட ஐவரி பிளாக்கும் டைட்டானியம் ஒயிட்டும் எடுத்தேன். பிரஷ் வழுக்கிக்கொண்டு ஓடட்டும் என்று ஆளிவிதை எண்ணெயைத் தாராளமாகச் சேர்த்தேன். ஆயில் வண்ணம் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகும். ஐவரி பிளாக் அதில் மிகவும் மெதுவானது. பத்தாம் நாள் தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டவில்லை. சரி என்று ஏப்ரனுக்கு நீலத்தை மெல்லிய பூச்சாகப் போட்டேன். அடியிலிருந்த சாம்பல் கரைந்து மேலே வந்து நீலத்தோடு சேறாகக் கலந்துவிட்டது. கத்தியால் சுரண்டி எடுத்தபோது அழுகை வந்துவிட்டது.

மறுமுறை பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு வண்ணம் மட்டும், டர்பன்டைனில் கரைத்து, துளி எண்ணெய் சேர்க்காமல். பர்ன்ட் அம்பரில் உள்ள மாங்கனீசு காய்வதை வேகப்படுத்தும். இரண்டே நாளில் காய்ந்தது. எண்ணெய் குறைவானது அடியில், கூடுதலானது மேலே என்ற விதியை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது அன்றுதான் புரிந்தது. அப்புறம், துடைத்த துணிகளைச் சுருட்டிப் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். நான் தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுகிறேன்.

அந்த நாட்களில் ஒரு செய்தி ஆறுதலாக இருந்தது. அவள் தலைக்குப் பின்னால் குடுவைகள் தொங்கும் பலகை ஒன்றை வெர்மீர் முதலில் வரைந்து, பிறகு அதை மூடிச் சுவராக்கியிருக்கிறார். 2022இல் ஆய்வாளர்கள் இதை அறிவித்தார்கள். அவரும் முதலில் போட்டதை விட்டுக்கொடுத்துத்தான் அந்த வெறும் சுவருக்கு வந்திருக்கிறார்.

முகம், கை, பாத்திரம் எல்லாம் நினைத்ததைவிடச் சுலபமாக வந்தன. சுவர்தான் மூன்று வாரம் இழுத்தது. வெள்ளை என்று நினைத்த இடமெல்லாம் சாம்பல், பழுப்பு, வெளிர் நீலம். நம் பார்வைக்கு வலப்பக்கமாக இருக்கும் அவளுடைய விளிம்பை ஒட்டி மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடுகிறது. தேவையில்லை என்று விட்டுவிட்டேன். உருவம் சுவரோடு ஒட்டிக்கொண்டது, எவ்வளவு நிழல் போட்டும் பிரியவில்லை. கடைசியில் நுனி பிரஷ்ஷால் அந்தக் கோட்டை இழுத்தேன். அவள் சுவரைவிட்டு முன்னால் வந்து நின்றாள். அறையில் தனியாக இருந்தும் “அப்பாடா!” என்று வாய்விட்டே சொன்னேன்.

ரொட்டியின் மேல் உள்ள வெளிச்சப் புள்ளிகளை நேற்று வைத்து முடித்தேன். வார்னிஷ் அடிக்க ஆறு மாதம் பொறுக்க வேண்டும். இந்த முறை நாள்காட்டியில் தேதியைக் குறித்துவிட்டேன்.