அப்பாவுக்குச் செயற்கைக் கால் பொருத்திய அனுபவம்

சர்க்கரை நோயால் ஆறாமல் போன புண்ணின் காரணமாக என் தந்தையாரின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க நேர்ந்தது. மன்னார்குடிப் பக்கம் நெல் சாகுபடி செய்பவர் என்பதால், செயற்கைக் கால் என்றதும் அவர் கேட்ட ஒரே கேள்வி, அதைக் கொண்டு வரப்பில் நடக்க முடியுமா என்பதுதான்.

அந்தக் கேள்விதான் எங்களை ஜெய்ப்பூர் காலிடம் கொண்டு சேர்த்தது. ராம்சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் மருத்துவர் பி.கே. சேத்தியும் 1968-இல் உருவாக்கிய இந்த ரப்பர் பாதம், செருப்பில்லாமல் நடக்கவும் சம்மணமிட்டு அமரவும் வேண்டிய நம் மக்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. 1975-இல் தொடங்கப்பட்ட பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி என்னும் தொண்டு அமைப்பு இதை இலவசமாகவே வழங்கி வருகிறது. இதே வகைக் காலைப் பொருத்தும் தொண்டு நிறுவனம் ஒன்று எங்கள் பகுதிக் கல்யாண மண்டபத்தில் முகாம் நடத்துவதாகத் தெரிந்து, பெயரைப் பதிவு செய்தோம்.

அதற்கு முன்பே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் வழியாக மருத்துவச் சான்றும் அடையாள அட்டையும் வாங்கியிருந்தோம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி பல சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீத ஊனம் சான்றளிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதால், இதை யாரும் தள்ளிப்போட வேண்டாம். தையல் ஆறிய பின், எஞ்சிய காலில் க்ரேப் பேண்டேஜை நுனியில் இறுக்கமாகவும் மேலே செல்லச் செல்லத் தளர்வாகவும் எட்டு வடிவில் சுற்றி வந்தோம். வீக்கம் வடிந்து வடிவம் படிந்தால்தான் அளவு சரியாக வரும்.

முகாமில் தொழில்நுட்பர் மெல்லிய துணி உறையை மாட்டி, எலும்பு துருத்தும் இடங்களைப் பென்சிலால் குறித்து, மாவுக்கட்டுப் போட்டு அச்சு எடுத்தார். உடலின் பாரத்தை எஞ்சிய காலின் நுனி தாங்கக் கூடாது, முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாரே பெரும்பகுதியைத் தாங்க வேண்டும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். கால் தயாரானதும் இரு கம்பிகளுக்கிடையே அப்பாவை நடக்கவிட்டு, கழற்றித் தோலைப் பார்த்தார். சிவந்த தடம் சில நிமிடங்களில் மறையாத ஓரிடத்தைக் கண்டு, "இங்கே அழுத்துகிறதா ஐயா?" என்று கேட்டு, எஞ்சிய கால் உள்ளே பொருந்தும் கிண்ணத்தின் அந்தப் பகுதியைச் சூடாக்கி விரித்துக் கொடுத்தார். அந்தச் சில நிமிட வேலைக்கு நான் என்றென்றும் நன்றியுடையவன்.

ஏனெனில், எங்கள் தெருவில் இன்னொருவருக்கு வேறோர் அமைப்பு மேடையில் வைத்து வழங்கிய கால், பொருந்தாமல் பரணில் கிடக்கிறது. சரிசெய்ய யாரை அணுகுவதென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆகவே இலவசமா என்று கேட்பதற்கு முன், பிறகு பழுது பார்ப்பது யார், எங்கே என்று கேளுங்கள். மாதங்கள் செல்லச் செல்லத் தசை சுருங்கும்; முதலில் எஞ்சிய காலில் கூடுதல் துணி உறை மாட்டினால் போதும், பின்னர் கிண்ணத்தையே மாற்ற வேண்டிவரும். எங்களுக்குக் கால் அளித்தவர்கள் தொலைபேசி எண்ணைத் தந்து, கிண்ணம் தளர்ந்தபோது மறுபடியும் அளவெடுத்துக் கொடுத்தார்கள்.

இந்தச் சம்பா நாற்றங்காலை அப்பாவே வரப்பில் நின்று பார்த்துக்கொண்டார். ஆழமான சேற்றில் மட்டும் இறங்குவதில்லை. வீடு திரும்பியதும் பாதத்தைக் கழுவித் துடைத்து, கிண்ணத்தின் உட்புறத்தை உலரவிடுகிறோம். சர்க்கரை நோயாளிக்கு மற்றக் காலிலும் உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும் என்பதால், இடது பாதத்தின் அடிப்பகுதியைத் தினமும் இரவில் வெளிச்சத்தில் பார்த்து, சிறு கீறல் இருந்தாலும் மறுநாளே மருத்துவரிடம் காட்டுகிறோம்.