லூவன் கொயரில் சுருதிப்பெட்டி கிடையாது

பல்கலைக்கழகத்துக்கோ இமெக் ஆராய்ச்சி மையத்துக்கோ என்று பெல்ஜியத்தின் லூவனுக்கு வந்து சேரும் தமிழர்களில், சின்ன வயதில் நாலைந்து வருஷமாவது வாய்ப்பாட்டு படித்தவர்கள் உண்டு. டிசம்பரில் மாலை ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும் ஊரில் வீட்டோடு முடங்காமல் உள்ளூர்க்காரர்களோடு பழக வேண்டுமானால் கொயரில், அதாவது சேர்ந்து பாடும் குழுவில், சேருவது நல்ல வழி. பெரும்பாலும் வாரத்தில் ஒரு மாலை ஒத்திகை, நடுவில் இடைவேளை, முடிந்ததும் உட்கார்ந்து பேச்சு. எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று ஃப்ளாண்டர்ஸ் கொயர்களின் கூட்டமைப்பான கோர்&ஸ்டெம் வழியாக விசாரிக்கலாம். இந்தப் பக்கத்துக் கொயர்களில் பல விரும்பிப் பாடுவது 15, 16-ஆம் நூற்றாண்டுகளின் பாலிஃபனி: பல குரல்கள் தனித்தனி வரிகளை ஒரே நேரத்தில் பாடும் இசை. கர்நாடகம் படித்தவருக்கு அங்கே கைகொடுக்கும் பயிற்சியும் உண்டு, காலை வாரிவிடும் பழக்கமும் உண்டு.

சேரும்போது பியானோ பக்கத்தில் நிற்கவைத்துக் குரலின் எல்லையைப் பார்ப்பார்கள். நம் ஆதார சுருதியைக் குறிக்கும் கட்டை எண்ணைச் சொன்னால் அவர்களுக்குப் புரியாது, நாமே கணக்குப் போட்டுக்கொண்டு போவது நல்லது. 1 கட்டையில் பாடும் ஆண் மந்திர பஞ்சமம் முதல் தார பஞ்சமம் வரை போனால், அது டெனருக்கும் (ஆண்களின் மேல்குரல்) பேஸுக்கும் (ஆண்களின் கீழ்க்குரல்) நடுவே நிற்கும் குரல். தார பஞ்சமத்தில் தொண்டை இறுகினால் பேஸுக்குப் போவதே நிம்மதி. 5 கட்டையில் பாடும் பெண்ணுக்கு அதே எல்லை பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோவில்தான் பொருந்தும். மெல்லிய குரல் என்பதற்காக மேல்குரலான சோப்ரானோவைக் கேட்டு வாங்க வேண்டாம். உங்கள் தார பஞ்சமத்துக்கு மேலே இன்னும் இரண்டு மூன்று சுரங்கள், அழுத்தமில்லாத தலைக்குரலில், அங்கே சாதாரணமாகவே வரும்.

பாடப்போகும் இசையை எழுதியவர்களில் பலர் இந்தப் பக்கத்திலிருந்து புலம்பெயர்ந்தவர்களே. அட்ரியான் வில்லார்ட் இங்கிருந்து போய் 1527-இல் வெனிஸின் செயின்ட் மார்க்ஸில் இசைத்தலைவரானவர், 1562-இல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார். 1502-இல் ஃபெரார பிரபுவுக்கு இசைத்தலைவர் தேடிய முகவர், இரண்டு இசையமைப்பாளர்களை ஒப்பிட்டு, ஐசக் 120 டுகாட் பொற்காசுக்கு வருவார், ஜோஸ்கான் 200 கேட்கிறார், அதுவும் தனக்குத் தோன்றும்போதுதான் எழுதுவார் என்று எழுதி அனுப்பினார். பிரபு ஜோஸ்கானையே எடுத்துக்கொண்டார். அடுத்த ஊரில் சம்பளம் பேசுவது அன்றைக்கும் இருந்திருக்கிறது.

ஒத்திகையின் முதல் அதிர்ச்சி, சுருதி பிடித்து நிற்க யாரும் இல்லாதது. கவைக்கருவியை (டியூனிங் ஃபோர்க்) தட்டி ஒரு சுரம் தருவார்கள், அதோடு சரி. முந்தைய ஐரோப்பிய முறையில் டெனர் குரல் ஒரு பழைய தேவாலயப் பாட்டை நீட்டிப் பிடிக்க, மற்றக் குரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் ஏற்றுவார்கள். நமக்கு அது அதிகம் அந்நியமாக இருந்திருக்காது. மறுமலர்ச்சிக்காலத்தில் அந்த வேலைமுறை மாறியது. புதிய இசையமைப்பாளர்கள் எல்லாக் குரல்களையும் ஒன்றாக மனதில் வைத்தே எழுதுகிறார்கள் என்று 1523-இல் வெனிஸில் இசைக்கோட்பாட்டாளர் பியெத்ரோ ஆரோன் பதிவு செய்தார். அதனால் நான்கு குரலும் சம பங்கு. இதில் பாட்டு, பக்கவாத்தியம் என்ற பிரிவு இல்லை. ஆல்டோவுக்கும் டெனருக்கும் போகும் நம்மவர்கள் ஒதுங்கிப் பாடுவதும், பிறகு தன் வரி வந்ததும் கச்சேரிபோல் ஓங்கிப் பாடுவதும் ஒரே தவறின் இரண்டு முகம். புதிதாக ஒரு வாக்கியம் உங்கள் குரலில் நுழையும்போது கொஞ்சம் முன்னே வாருங்கள், அடுத்த குரல் அதையே எடுத்ததும் பின்வாங்குங்கள். இவ்வளவுதான் விதி.

காந்தாரத்தில் நமக்குச் சாதகம் உண்டு. இடைக்கால ஐரோப்பா கணக்கிட்ட அந்தர காந்தாரம், ஷட்ஜத்தோடு ஒப்பிட்ட அதிர்வு விகிதத்தில், 81:64. அது கூர்மையானது, ஓய்ந்து நிற்காது, அதனால் பாட்டு முடிவுகளில் அதைத் தவிர்த்தார்கள். இங்கிலாந்துக்காரர்களின் மூன்றாம் சுர இனிமை 15-ஆம் நூற்றாண்டில் கடல்தாண்டி வந்தது. பிறகு இசைக்கோட்பாட்டாளர்களான, 1482-இல் பொலோஞாவில் ராமிஸும், 1558-இல் வெனிஸில் வில்லார்ட்டின் மாணவர் ஸர்லினோவும் 5:4 என்ற எளிய விகிதத்தைச் சித்தாந்தத்துக்குள் கொண்டுவந்தார்கள். தம்புராவில் மந்திரத் தந்தியைச் சுண்டினால் தானாகக் கேட்கும் காந்தாரம் அதேதான். பியானோவின் காந்தாரம் இதைவிட 14 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கூடுதல், அதை நம்பிப் பழகினால் ஒலி கூசும். வீட்டில் தம்புரா செயலியைப் போட்டு, ஒவ்வொரு பகுதியின் கடைசி ஒலியில் மட்டும் உங்கள் சுரத்தை நிறுத்திப் பாருங்கள். பாட்டு முழுக்க ஓடவிட வேண்டாம், நடுவில் ஆதாரம் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

கமகம் இங்கே வேண்டாம். சுரத்துக்குக் கீழிருந்து வழுக்கி ஏறுவது நம் காதுக்கு அழகு. ஆனால் மற்ற மூன்று குரலும் தங்கள் விகிதத்தை உங்கள் சுரத்தை வைத்துத்தான் சரிசெய்கின்றன. அரை நொடி அசைந்தாலும் நாலு பேரும் தேட ஆரம்பிப்பார்கள்.

இன்னொன்று, குழு முழுவதும் சுருதி இறங்குவது. ஐந்து நிமிடப் பாட்டின் முடிவில் கவைக்கருவியைத் தட்டினால் அரைச்சுரம் கீழே இருப்பார்கள். எல்லாருக்கும் களைப்பு என்று நினைப்போம், ஆனால் கணக்கிலேயே ஒரு பொறி உண்டு. தைவதத்தோடு பஞ்சமப் பொருத்தத்தில் நிற்கும் ரிஷபம் 10:9. கீழ்ப் பஞ்சமத்தோடு பொருந்தும் ரிஷபம் 9:8. ஒரு குரல் முதல் ரிஷபத்தை அசையாமல் பிடித்திருக்க, பேஸ் அதற்கு ஏற்பப் பஞ்சமத்தை வைத்தால், அந்தப் பஞ்சமம் தாழ்ந்தே பிறக்கும், பின்னால் வரும் ஷட்ஜமும் தாழும். ஒரு தடவைக்குச் சுமார் 21.5 சென்ட். ஐந்து தடவை நடந்தால் அரைச்சுரம் காலி. இத்தாலியக் கணித அறிஞர் பெனெதெத்தி இதை இசையமைப்பாளர் ரோரேவுக்கு எழுதிய கடிதங்களில் கணக்கோடு காட்டினார், அவை 1585-இல் அச்சாயின. பரிகாரம்: நீண்டு நிற்கும் சுரத்தின் கீழே பேஸ் மாறும் கணத்தில், பிடித்திருப்பவர் ஒரு இழை உயர வேண்டும். இரண்டு ரிஷபமும் வேறு என்று காதால் பழகியவர்கள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் உரசல். நீங்கள் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்திருக்கிறீர்கள். தட்டு மாறும்போது பக்கத்துக் குரல் அடுத்த சுரத்துக்கு வந்து உங்கள்மீது மோதும். காது உடனே தப்பு நம்முடையது என்கிறது, சட்டென்று விலகிவிடுகிறோம். விலகக்கூடாது. முதல் தட்டில் இணக்கமாகத் தொடங்கி, இரண்டாவதில் மோதி, மூன்றாவதில் ஒரு படி கீழே இறங்கி ஓய்வது என்று 1477-இல் தின்தோரிஸ் போன்ற இசைக்கோட்பாட்டாளர்கள் ஒழுங்குபடுத்திய அமைப்பு அது. அந்த மோதலில்தான் வாக்கியத்தின் உயிர். கொஞ்சம் அழுத்தி, பிறகு தளர்த்தி இறங்குங்கள்.

தாளத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. இன்றைய பதிப்பில் செங்குத்துக் கோடுகள் உண்டு, 1501-இல் வெனிஸில் பெத்ரூச்சி அச்சிடத் தொடங்கிய ஏடுகளில் கிடையாது. கோட்டை அடுத்த தட்டை சமம் என்று எண்ணி அழுத்தினால் பாட்டு நொண்டும். கை மேலும் கீழும் போவது எண்ணிக்கைக்கு மட்டும், அழுத்தம் லத்தீன் சொல்லில் இருக்கிறது. நான்கு குரலின் அழுத்தங்களும் நான்கு வேறு இடத்தில் விழுவதே சரி. கீர்த்தனையில் எடுப்புத் தள்ளி வருவதற்குப் பழகியவர்களுக்கு இது கஷ்டமில்லை.

டோ ரே மி இங்கே நிலையானது: டோ என்றால் எப்போதும் 1 கட்டை. சரிகமபோல் நகர்த்திப் படித்தால் தவறான சுரத்தில் நுழைவீர்கள். வேடிக்கை என்னவென்றால், மறுமலர்ச்சிக்காலப் பாடகர்கள் ஆறு சுர வரிசையைத் தேவைக்கேற்ப நகர்த்தியே பாடினார்கள், மி-ஃபா எங்கே விழுந்தாலும் அரைச்சுரம். சுரத்தின் தலைக்குமேல் சிறியதாக அச்சிட்ட ஷார்ப், ஃப்ளாட் குறிகள் மூலத்தில் இல்லாதவை. அன்று பாடகர் தானே ஊகித்ததைப் பதிப்பாசிரியர் ஊகித்துப் போட்டவை. இயக்குநர் மாற்றச் சொன்னால் அடித்துவிட்டு எழுதுங்கள். அதற்காகவே பென்சில் கட்டாயம். பேனா கொண்டுபோகாதீர்கள், தாள்கள் இரவலாக இருக்கலாம்.

ஒத்திகை டச்சு மொழியில் நடக்கும். முதலில் நாலு சொல் போதும்: "மாட்" கோட்டு எண், "இன்செட்" நுழைவு, "டே லாக்" சுருதி தாழ்வு, "ஒப்நியூ" மறுபடியும். எண்களில் கவனம்: 42-ஐ இரண்டும் நாற்பதும் என்றுதான் சொல்வார்கள், அவசரத்தில் 24-க்குத் தாவிவிடுவோம்.

சொல்லைப் பொறுத்தவரை, சொற்கள் கேட்போருக்குப் புரியவேண்டும் என்ற மறுமலர்ச்சிக்கால மொழி அறிஞர்களின் வற்புறுத்தல் 1562-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் ட்ரென்ட் மாநாட்டிலும் எதிரொலித்தது. 1567-இல் அச்சான, இசையமைப்பாளர் பாலஸ்த்ரீனாவின் போப் மார்செல்லுஸ் மாஸில் (திருப்பலி இசை) நீண்ட உரைப்பகுதிகள் அசைக்கு ஒரு சுரமாக நகர்வதில் அது தெரியும். நம் வாய்க்கு ஆபத்து சொல்லின் கடைசி மெய். "டேயுஸ்" என்பது "டேயுஸு" ஆகிவிடும், அந்த ஒரு உகரம் தேவாலயத்தின் எதிரொலியில் தனியாகக் கேட்கும். கடைசி ஸ் எந்தத் தட்டில் என்று எல்லாரும் தாளில் எழுதிவைத்து, அந்தத் தட்டில் மட்டும் வைக்க வேண்டும்.

தொடங்குவதற்கு ஜோஸ்கானின் ஆவே மரியா, வீர்கோ ஸெரேனா நல்ல தேர்வு, இலவசப் பதிப்புகள் இணையத்தில் கிடைக்கும். பஞ்சமத்திலிருந்து மேல் ஷட்ஜத்துக்குத் தாவும் அதே வாக்கியத்தை சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் ஒருவர் பின் ஒருவராக எடுக்கிறார்கள், முதல் வாரத்திலேயே பிடித்துவிடலாம். நடுவே மூன்று தட்டுக்கு மாறி நாலு குரலும் சேர்ந்து நகரும் பகுதியில் மூச்சை முன்கூட்டியே பங்கிட்டுக்கொள்ளுங்கள். கடைசி ஒலியில் காந்தாரமே கிடையாது, ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும்.

தாளைப் படிக்கத் தெரியாவிட்டால், நகராட்சி இசைப் பள்ளிகளில் பெரியவர்களுக்கும் இடம் உண்டு. செப்டம்பருக்குள் பதிய வேண்டும், தவறினால் அடுத்த வருஷம்தான். அதுவரை கேட்டுப் பழக, ஆகஸ்டில் ஆன்ட்வெர்ப்பில் நடக்கும் லாவுஸ் போலிஃபோனியே விழாவுக்கு ஒரு நாளாவது போய்வாருங்கள், லூவனிலிருந்து ரயிலில் போய் அன்றே திரும்பலாம்.