சொம்பை வச்சிட்டு எடு

கீழடிக்குப் போனால் பாசிமணியையும் பானை ஓட்டையும் பார்த்துவிட்டு வருவதோடு சரி. இந்த முறை உறைகிணற்றின் முன்னால்தான் நெடுநேரம் நின்றேன். சுடுமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கியிருக்கிறார்கள். ஆற்றோரத்து மணற்பாங்கான மண்ணில் தோண்டத் தோண்ட ஓரம் சரியும். அதைத் தாங்கத்தான் உறை. இன்றைக்கும் எங்கள் தோட்டங்களில் இதே கணக்குதான். சுடுமண் போய் சிமெண்ட் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மறுநாள் பெரியப்பாவின் வண்டியில் மதுரைக்குள் கிணறு தேடிக் கிளம்பினோம். "அவனவன் ஜிகர்தண்டா குடிக்க வர்றான். நீ கிணறு பாக்க வந்திருக்க" என்றார்.

முதலில் ஏழுகடல் தெரு. மீனாட்சியின் அம்மா காஞ்சனமாலைக்குக் கடலாட ஆசை வர, சொக்கர் ஏழு கடலையும் ஒரே குளத்துக்கு வரவழைத்தாராம். அந்தக் குளத்தைத் தூர்த்துக் கடைகள் கட்டியாயிற்று. "கடல் எங்க பெரியப்பா?" என்றேன். மூடியிருந்த ஒரு ஷட்டரைக் காட்டினார்.

வண்டியூர்த் தெப்பக்குளம் பரவாயில்லை. 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டியது. மகாலுக்குச் செங்கல் அறுக்க மண்ணெடுத்த பள்ளம் என்றும், அப்போது கிடைத்தவர்தான் மீனாட்சி கோயில் முக்குறுணிப் பிள்ளையார் என்றும் சொல்வார்கள். என் சிறுவயதில் அது கிரிக்கெட் மைதானம். இப்போது பனையூர்க் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வந்து நிற்கிறது.

கடைசியாக, வடக்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சந்துக்குள், பெரியப்பாவுக்குத் தெரிந்த வளவு. ஏழு குடித்தனத்துக்கு நடுவே ஒரு சேந்துகிணறு. மேலே கம்பி வலை, அதன்மேல் பழைய சேலையில் கூழ்வடகம் காய்ந்துகொண்டிருந்தது. சேலையை ஒதுக்கிக் கல் விளிம்பைத் தடவினேன். கயிறு அறுத்த தடங்கள், மொத்தம் பதினொன்று. ஒன்றில் என் சுண்டுவிரல் முழுசாகப் புதைந்தது. உருளை மாட்டுவதற்கு முன்னால், வெறும் கையால் இழுத்துச் சேந்திய காலத்துத் தடமாம்.

"தண்ணி இருக்கா அப்பத்தா?"

"ஆத்துல வந்தா இங்க ஊறும். ஆறு காஞ்சா இதுவும் காஞ்சிரும். இப்பத்தான் வீட்டுக்கு வீடு குழா வந்திருச்சே, யாரு எட்டிப் பாக்குறா?"

சுவரில் துருப்பிடித்த பாதாளக் கரண்டி ஒன்று தொங்கியது. கொக்கிகள் சுற்றிலும் விரிந்து, காய்ந்த பூச்செடி மாதிரி. கிணற்றில் விழுந்த வாளியைத் துழாவி எடுக்க இதைத்தான் கயிற்றில் கட்டி இறக்குவார்கள்.

"சந்து முழுக்க எங்கிட்டதான் வாங்க வருவாக. சொம்பை அடகு வச்சாத்தான் குடுப்பேன். இல்லாட்டி கரண்டி திரும்பி வராது."

போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்றேன். அப்பத்தா என்னை மேலும் கீழும் பார்த்தது.

"சொம்பை வச்சிட்டு எடு."

கையிலிருந்த இருபது ரூபாய் தண்ணீர் பாட்டிலைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கரண்டியைக் கழற்றினேன்.